சின்னக் கட்டத்துக்குள் பெரிய முகம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் 1981 முதல் 1984 வரை இங்கே இயற்பியல் படித்தவன். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை. காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, கல்லூரி மலர் என்று எது வந்தாலும் அதில் படம் சேர்க்கிற பிரிவு என்னுடையது. அதனால்தான் நம் செயலாளர், "அண்ணே, எல்லாரும் கல்லூரி வாழ்க்கையைப் பத்திப் பேசுறாங்க. நீங்க போட்டோவைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். விஷயம் இல்லாமல் சொல்லவில்லை. நம் சங்கத்தின் இணையதளத்தில் உறுப்பினர் விவரத் தொகுப்பு ஒன்று தயாராகி வருகிறது. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னச் சதுரப் படம் வரும். அகலம் 400 புள்ளி, உயரம் 400 புள்ளி. பிக்சல் என்கிறோமே, அந்தப் புள்ளி. பட்டியல் பக்கத்தில் அதுவே 100க்கு 100 ஆகச் சிறுத்துத் தெரியும். கட்டை விரல் நகம் அளவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த படங்களை எனக்குக் காட்டினார்கள். ஒருவர் கல்யாண ஆல்பத்திலிருந்து மாலையும் கழுத்துமாக அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் அரை முகம் தெரிகிறது. வீட்டம்மாவாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் தாஜ்மகால் முன்னால் நின்று எடுத்ததை அனுப்பியிருக்கிறார். தாஜ்மகால் நன்றாக இருக்கிறது. அவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஒருவர் பேரன் படத்தை அனுப்பிவிட்டு, "என் ஜாடைதான்" என்று எழுதியிருக்கிறார். சிரிக்காதீர்கள், அதில் உங்களில் ஒருவர் படமும் இருக்கலாம்.

சின்னப் படம்தானே, இதுக்கு ஒரு சொற்பொழிவா என்று தோன்றும். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு படத்தைச் சின்னதாக்கிச் சதுரமாக்கும்போது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவை எடுக்கிறவர் படத்தில் இருக்கிறவரைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

இணையத்தில் இந்தச் சின்னப் படத்துக்கு 'அவதார்' என்று பெயர். நம்ம 'அவதாரம்'தான் அது. மேலிருந்து இறங்கி வருவது என்று பொருள். 1985ல் வந்த அல்டிமா 4 என்ற கணினி விளையாட்டில் ஆடுகிறவரை அவதார் என்றார்கள். அதே பத்தாண்டுகளில் லூகாஸ்பிலிம் நிறுவனத்தின் ஹாபிடாட் என்ற விளையாட்டில், திரையில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1992ல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' நாவல் அதை இன்னும் பரப்பியது. அங்கே போய்ச் சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிற சொல் இது.

அவதாரங்களில் இதற்குப் பொருத்தம் வாமன அவதாரம்தான். ஆனால் ஒரு வித்தியாசம். வாமனன் மாவலியிடம் மூன்றடி மண் கேட்டான், குட்டையாக வந்தவன் உலகத்தையே அளக்கும்படி ஓங்கி வளர்ந்தான். நம்ம படம் அப்படி வளராது. பெரிசைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெரிசாக்கினால் போனது திரும்பாது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் என் பேச்சில் பாதி முடிந்தது.

சதுரம் ஏதோ செல்போன் காலத்துப் புதுமை என்று தம்பிகள் நினைக்க வேண்டாம். எங்கள் காலத்து ஸ்டூடியோக்களில் இருந்த யாஷிகா, ரோலி கேமராக்கள் 120 பிலிமில் ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரமாகத்தான் எடுக்கும். ஒரு ரோலுக்கு 12 படம். ஸ்டூடியோக்காரர் அதை இருட்டறையில் நீளவாக்கில் வெட்டிப் பிரிண்ட் போட்டுத் தருவார். அதனால் நெகடிவ் சதுரமாக இருந்தது என்பதே நமக்குத் தெரியாது.

கணினிக்குள் போன முதல் போட்டோவும் சதுரம்தான். 1957ல் வாஷிங்டனில், அமெரிக்க தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற அறிவியலாளர், பிறந்து மூன்று மாதமான தன் மகனின் படத்தைச் சுழலும் உருளையில் ஒட்டி, புள்ளி புள்ளியாகக் கணினிக்குள் அனுப்பினார். படம் ஐந்து சென்டிமீட்டர் சதுரம். புள்ளிகள் 176க்கு 176. மொத்தம் முப்பத்தோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணினியின் நினைவகத்தில் அவ்வளவுதான் இடம். நம் சங்கம் கேட்கிற 400க்கு 400ல் 1,60,000 புள்ளிகள். உலகத்தின் முதல் டிஜிட்டல் படத்தைவிட ஐந்து மடங்கு அதிகம். அந்தக் குழந்தைப் படம் இன்றும் பார்த்தால் குழந்தை என்று தெரிகிறது. ஆக, இடம் சின்னது என்பது குறையில்லை. அந்தச் சின்ன இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

இனி வேலைக்கு வருவோம். மூன்று வேலை. வெட்டு, சுருக்கு, கட்டு. இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

முதலில் வெட்டு. இன்று சாதாரணமாகச் செல்போனில் எடுக்கிற படம் 4000க்கு 3000 புள்ளி, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம். அதைச் சதுரமாக்க 3000க்கு 3000 வெட்டினால் நாலில் ஒரு பங்கு போய்விடும். போகட்டும், பரவாயில்லை. பலர் என்ன செய்கிறார்கள் என்றால், வெட்ட மனசு வராமல், முழுப் படத்தையும் சதுரத்துக்குள் அமுக்கிவிடுகிறார்கள். செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தை இப்படி அமுக்கினால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். படுக்கவைத்து எடுத்ததை அமுக்கினால் முகம் நாலில் ஒரு பங்கு ஒடுங்கிவிடும். கண்ணாடி முன்னால் நின்று நாம் தினமும் பார்க்கிற முகம் அது இல்லை. அளவு மாற்றும் இடத்தில் அகலத்தையும் உயரத்தையும் சங்கிலி போட்டுக் கட்டியது போல ஒரு குறி இருக்கும். அதைக் கழற்றாதீர்கள்.

எங்கே வெட்டுவது? அச்சகத்தில் நாங்கள் படத்தின் மேல் டிரேசிங் தாளை ஒட்டி, பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்போம். படத்தில் கை வைக்க மாட்டோம். பேப்பரில் முகத்தை மட்டும் முட்டை மாதிரி வெட்டினால் ஆள் அடையாளம் போய்விடும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கழுத்து, தோள் ஆரம்பிக்கிற இடம், இவ்வளவும் இருந்தால்தான் அவர் நிற்கிற விதம் தெரியும். கழுத்தோடு வெட்டினால் பார்க்கச் சகிக்காது. இன்னொன்று, வாட்ஸ்அப் போன்ற பல இடங்களில் நாம் சதுரமாகக் கொடுத்தாலும் அது வட்டமாகத்தான் காட்டும். சதுரத்துக்குள் வட்டம் போட்டால் நாலு மூலையும் சேர்ந்து நூற்றில் 21 பங்குக்கு மேல் போய்விடும். பத்தாம் வகுப்புக் கணக்கு, வீட்டில் போட்டுப் பாருங்கள். ஆகவே முகம் நடுவில் இருக்கட்டும். மூலையில் முக்கியமான எதையும் வைக்க வேண்டாம்.

இரண்டாவது சுருக்கு. 3000க்கு 3000 உள்ள படத்தை 100க்கு 100 ஆக்குகிறோம். அப்படியானால் பழைய படத்தின் 900 புள்ளிகளுக்குப் பதிலாகப் புதுப் படத்தில் ஒரே ஒரு புள்ளி. அந்த 900 பேர் சார்பாக யார் பேசுவது? இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, 900ல் ஏதோ ஒன்றைப் பிடித்து, "நீ வா" என்று உட்கார வைப்பது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மூக்குக் கண்ணாடியின் மெல்லிய கம்பி அறுந்து அறுந்து தெரியும். நரைமுடி சிலும்பலாகும். பட்டுப் புடவையின் பொடிக் கட்டமும், நெருக்கமாகக் கோடு போட்ட சட்டையும் அலை அலையாக, இல்லாத கோலத்தைப் போடும். இரண்டாவது வழி, 900 பேரையும் கேட்டு, சராசரி எடுத்து ஒரு நிறம் தருவது. இதுதான் முறை. நல்ல மென்பொருட்கள் எல்லாம் இதையோ, இதைவிடச் சற்று நுட்பமான கணக்கையோதான் போடுகின்றன. சராசரி எடுத்தால் படம் கொஞ்சம் மழுங்கும். அதற்காகக் கடைசியில் லேசாக, மிக லேசாக, கூர்மையைக் கூட்டுவது உண்டு. சாம்பாருக்கு உப்பு மாதிரி. அதிகமானால் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு வந்துவிடும்.

அளவு சிறியது என்பதால் வெளிச்சமும் முக்கியம். முகத்தில் ஜன்னல் வெளிச்சம் படும்படி நில்லுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கட்டை விரல் நகத்துக்குள் கறுப்பு நிழல்தான் மிஞ்சும்.

மூன்றாவது கட்டு. பொட்டலம் கட்டுவது. ஜேபெக் என்ற முறை 1992ல் தரநிலையாக வந்தது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளியுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எடுபடாத நுணுக்கத்தைக் குறைத்து மடித்து வைக்கிறது. பெரிய படத்தில் இது தெரியாது. ஆனால் 100 புள்ளி அகலமுள்ள படத்தில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டரைக் கட்டம்தான். ஒரு கண்ணே ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அங்கே போய் ரொம்ப இறுக்கிக் கட்டினால் பார்வையே போய்விடும். சின்னப் படத்தை இறுக்க வேண்டாம். அது ஏற்கெனவே ஒல்லி. ஒரு தடவை இறுக்கியதை மறுபடி திறந்து மாற்றிச் சேமித்தால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். அதனால் எப்போதும் மூலப் படத்திலிருந்தே புதிதாகச் செய்யுங்கள். சங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் கவனிக்கவும். படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். டாகுமெண்ட் என்று இணைத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி வந்து சேரும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இது விளையாட்டு இல்லை. ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வு அறிவிப்புகளில் பல ஆண்டுகளாக, போட்டோ 200க்கு 230 புள்ளி, 20 முதல் 50 கேபி என்று போட்டிருக்கும். அது சதுரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க விசாவுக்கு அதுவே முழுச் சதுரம், 600க்கு 600லிருந்து 1200க்கு 1200 வரை, 240 கேபிக்குள். கடைசி நாள் ராத்திரி பிரௌசிங் சென்டரில் போய் நின்றால் அங்கே உள்ளவர் அவசரத்தில் அமுக்கித்தான் கொடுப்பார். ஆளைப் பார்த்துப் படத்தோடு ஒப்பிடுகிற தேர்வு அறை வாசலில் அந்த அமுக்கிய முகத்தோடு நிற்கப் போவது நீங்கள். இந்த மூன்று வேலையையும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. செல்போனில் இருப்பிடக் குறிப்பு போடப்பட்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வீட்டில் எடுத்த படத்தை அப்படியே பொதுவில் போட்டால் வீட்டு முகவரியைக் கொடுத்த மாதிரி. சேமிக்கும்போது அந்தக் குறிப்பை நீக்கிவிட வழி இருக்கிறது. பார்த்து நீக்குங்கள். தங்கைகள் மட்டுமல்ல, தம்பிகளும்தான்.

"இதையெல்லாம் கம்ப்யூட்டரே செய்யுமே அண்ணே, முகத்தைக் கண்டுபிடித்து அதுவே வெட்டுமே" என்று ஒரு தம்பி கேட்டார். செய்யும். அதற்கு ஒரு கதை இருக்கிறது. இப்போது எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கிற ட்விட்டர், 2018ல் பெரிய படங்களைத் தானே வெட்டிக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. மனிதர்கள் படத்தில் எங்கே முதலில் பார்ப்பார்கள் என்று ஊகித்து அந்த இடத்தை வைத்துக்கொள்ளும். 2020ல் பலர், வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஒருவரும் உள்ள படத்தைப் போட்டுச் சோதித்து, வெள்ளை முகத்தையே அது அதிகம் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார்கள். நிறுவனமே ஆய்வு செய்து 2021 மே மாதம் முடிவை வெளியிட்டது. வெள்ளையர் பக்கம் 4 சதவீதம், பெண்கள் பக்கம் 8 சதவீதம் சாய்வு இருந்தது. சதவீதம் சின்னதுதான். ஆனால் அவர்கள் சொன்ன முடிவு முக்கியமானது. படத்தை எப்படி வெட்டுவது என்பது மனிதர்களிடம் விட வேண்டிய முடிவு என்று ஒப்புக்கொண்டு, தானாக வெட்டுவதைக் கைவிட்டார்கள்.

சின்னதைப் பெரிசாக்கும் வித்தையும் இப்போது வந்திருக்கிறது. 2020ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த பல்ஸ் என்ற மென்பொருள், 16க்கு 16 புள்ளி முகத்தை 1024க்கு 1024 ஆக்கிக் காட்டியது. பார்க்கத் தத்ரூபமாக இருந்தது. யாரோ ஒருவர் ஒபாமாவின் சின்னப் படத்தைக் கொடுத்துப் பார்த்தார். வந்தது ஒரு வெள்ளைக்காரர் முகம். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. போன புள்ளிகளை அது மீட்டுத் தரவில்லை, தான் பார்த்த முகங்களிலிருந்து புதிதாக ஒன்றைக் கற்பனை செய்து தந்தது. இப்போது செல்போனில் வருகிற "முகத்தைத் தெளிவாக்கும்" செயலிகள் பலவற்றிலும் இந்தக் கற்பனை கலந்திருக்கிறது. அழகாக இருக்கும். ஆனால் அது நம்ம ஆள்தானா என்று அவரைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் தொகுப்பில் தாங்களே படம் அனுப்ப முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் 58 பேர். ஏழு பேர் இன்று இல்லை. அதில் ஒருவன் படிப்பு முடிந்த இரண்டாம் வருஷமே விபத்தில் போய்விட்டான். அவனுடைய தங்கை, நம் சங்கம் படம் சேகரிப்பதைக் கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்தார். "எங்க வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த ஒரே படத்தைக் கரையான் அரிச்சிடுச்சு சார். அண்ணன் முகம் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்ககிட்ட ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார்.

இருந்தது ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் ஆண்டு குரூப் போட்டோ. நாற்காலியில் ஆசிரியர்கள், அதற்குப் பின்னால் நிற்கிறவர்கள், அதற்குப் பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறவர்கள். அவன் பெஞ்சு மேல், இடமிருந்து ஐந்தாவது. முகம் சுண்டு விரல் நகம் அளவு, ஒரு சென்டிமீட்டர் அகலம். செல்போனால் முழுப் படத்தையும் எடுத்தால், முப்பது சென்டிமீட்டர் அகலப் படத்துக்கு 4000 புள்ளி. அவன் முகத்துக்குக் கிடைப்பது 130 சொச்சம். போதாது. அதனால் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 1200 புள்ளி வைத்து எடுத்தோம். முகத்துக்கு 470 புள்ளி கிடைத்தது. தலை, கழுத்து, தோள் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர் சதுரம் போட்டால் 940 புள்ளி. அதிலிருந்து 400க்கு இறக்கினால் தாராளம். நல்லவேளை, கறுப்பு வெள்ளைப் படம். எழுபது எண்பதுகளின் கலர் பிரிண்ட் பலவும் இன்று சாயம் போய்ச் சிவந்து கிடக்கின்றன.

சதுரம் போட்டுப் பார்த்தால், அவன் தோள் மேல் ஒரு கை. பக்கத்தில் நின்றவன் போட்ட கை. ஆள் கட்டத்துக்கு வெளியே போய்விட்டான், கை மட்டும் உள்ளே நிற்கிறது. உதவிக்கு வந்த மாணவர், "சார், இந்தக் கையை அழிச்சிடலாமா? ரெண்டு நிமிஷ வேலை" என்றார். வேண்டாம் என்றேன். அச்சகத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ கைகளை அழித்திருக்கிறோம், அது காலண்டர். இது அவன் படம். அவன் தோளில் கை போடுகிறவர்கள் இருந்தார்கள் என்பதும் அந்தப் படத்தில் உள்ள செய்திதான். முகத்தைத் தெளிவாக்கும் செயலியிலும் போடவில்லை. புள்ளி கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

தங்கைக்கு இரண்டு படம் அனுப்பினோம். சின்னச் சதுரம் ஒன்று, குரூப் போட்டோ முழுசாக ஒன்று. மறுநாள் போன் செய்து முதலில் கேட்ட கேள்வி, "அந்தக் கை யாரோடது சார்?" என்பதுதான். சொன்னேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணனைப் பற்றி அண்ணனின் சிநேகிதன் வாயால் அவர் கேட்டார். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இன்று இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் சொல்லவில்லை.

அதே படத்தின் வலக்கோடியில் ஒருவர் நிற்கிறார். எங்கள் ஆய்வகத்து அட்டெண்டர். கால்வாசி உடம்பு அட்டைக்குள் மறைந்திருக்கிறது. கீழே அச்சடித்த பெயர் வரிசையில் எல்லோர் பெயரும் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. மானி உடைந்தால் எங்களைக் காப்பாற்றியவர் அவர்தான். குரூப் போட்டோவைச் சதுரமாக்கினால் முதலில் போவது ஓரம்தான். ஓரத்தில் நிற்க வைக்கப்பட்டவர் முதலில் போவார். இதை எந்த மென்பொருளும் யோசிக்காது. நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று, உங்கள் வீட்டில் பழைய குரூப் போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள். சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டாம், ஒட்டியிருந்தால் கிழிந்துவிடும். சங்கத்திலேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தருவோம். வகுப்புக்கு இரண்டு பேராவது பக்கத்தில் உட்கார்ந்து யார் யார் என்று சொல்லுங்கள். பெயர் தெரியாத முகத்துக்குச் சதுரம் போட்டு என்ன பயன்? சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு, மறைந்த நண்பர்களுக்கும், அட்டெண்டர், வாட்ச்மேன், விடுதிச் சமையல்காரர், நூலக உதவியாளர் இவர்களுக்கும் தொகுப்பில் இடம் ஒதுக்கச் சங்கம் முன்வர வேண்டும். படம் இல்லாத இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மைத் தலை வருமாம். அவர்கள் பெயருக்கு எதிரில் அந்தப் பொம்மை வரக் கூடாது என்பது என் ஆசை. செயற்குழு மனசு வைத்தால் நடக்கும்.

மூன்று, மூலப் படத்தை யாரும் அழித்துவிடாதீர்கள். இன்ஸ்டாகிராம் 2010ல் வந்தபோது சதுரம் மட்டும்தான் என்றார்கள். 2015ல் மற்ற வடிவமும் போடலாம் என்றார்கள். 2025 ஜனவரியில் சுயவிவரப் பக்கத்துக் கட்டங்களையே நீளமாக்கிவிட்டார்கள். நாளைக்கு நம் தொகுப்பும் வேறு வடிவம் கேட்கும். அன்றைக்குச் சதுரம் மட்டும் கையில் இருந்தால் நாம் மாட்டிக்கொள்வோம். முழுப் படம் இருந்தால், எந்தக் கட்டம் வந்தாலும் புதிதாக ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

ஸ்கேன் வேலைக்குச் சனிக்கிழமைகளில் வருவதாக ஏழெட்டு மாணவ மாணவியர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து என் வாழ்த்து. சிவகாசியிலிருந்து பஸ் ஏறி நானும் வந்து உட்காருகிறேன். டீ மட்டும் சங்கச் செலவில் இருக்கட்டும்.